விவிலியம்

கிரேக்கத்தில் ‘பிப்லியா’ என்றால் நூல்கள், பன்மை. பாபிரஸ் நாணலின் பெயரான ‘பிப்லோஸ்’ என்பதோடு உறவுள்ள சொல். இடைக்கால லத்தீன் அந்தப் பன்மையையே பெண்பால் ஒருமையாக எடுத்துக்கொண்டது. அதனால் ஒரு நூலகமே ஒரே நூல்போல ஒலிக்கிறது. தமிழில் ‘பி’ ‘வி’யாகி, ‘அம்’ ஈறும் சேர்ந்து விவிலியம் ஆயிற்று. ‘பைபிள்’ ஆங்கிலத்தின் வழியே வந்தது.

பழைய பன்மைப் பொருளை மறக்காமலிருப்பது நல்லது. எத்தனை நூல்கள் என்பதில்தானே சபைகள் பிரிகின்றன! கத்தோலிக்கருக்குப் பழைய ஏற்பாட்டில் 46, புதியதில் 27, ஆக 73. திரெந்து பொதுச்சங்கம் 1546இல் இப்பட்டியலை உறுதிசெய்தது. தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவற்றை இணைத் திருமுறை நூல்கள் என்பர். சீர்திருத்த சபைகளின் 66இல் இவை இல்லை.

கத்தோலிக்க நம்பிக்கையில் கடவுளின் வெளிப்பாடு ஏட்டோடு முடிவதில்லை. அதன் நிறைவு கிறிஸ்து என்னும் ஆள். திருமறைநூலும் திருமரபும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை என்கிறது, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு. ஆகவே கிறிஸ்தவத்தை ‘நூலின் சமயம்’ என்பதைக் கத்தோலிக்கர் ஏற்பதில்லை.

தமிழ்ப் புராட்டஸ்டண்டு வீடுகளில் ‘வேதாகமம்’ என்பதே வழக்கு. இரு தரப்பும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் ‘திருவிவிலியம்’ என்ற பெயரில் வந்தது.