அளவுகோல் கைமாறிய வரலாறு: சர்வதேச நிபுணர்களும் வேப்பனப்பள்ளி எல்லைப்புறமும்

தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் நெருங்கி நிற்கும் எல்லைப்புறத்தில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் வேப்பனப்பள்ளியை, சுகாதாரம், கிராம அபிவிருத்தி ஆகிய துறைகளில் சர்வதேச நிபுணர்கள் நம் நாட்டிற்கு அளித்த ஆலோசனையின் சரித்திரத்தை ஆராய்வதற்குரிய நிலைக்களமாகக் கொள்வது முதற்பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும், 1965 வரை சேலம் ஜில்லாவிலும், அதன்பின் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அடங்கிய இப்பிரதேசத்திற்கு வடக்கே மதனப்பள்ளியும், மேற்கே பெங்களூரும், கிழக்கே சென்னையும் அச்சரித்திரத்தின் தலையாய அத்தியாயங்கள் எழுதப்பட்ட இடங்களாக விளங்குகின்றன. பிற்பட்ட அத்தியாயம் ஒன்றோ தருமபுரி மாவட்டத்திலேயே ஆரம்பமாயிற்று. இவற்றை வரிசைப்படுத்தி நோக்கும்போது, அளக்கும் கருவியும் அளந்ததை எழுதும் ஏடும் எவர் கையில் இருந்தன என்பதே ஓர் ஆலோசனையின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயித்தது என்ற முடிவுக்கு நாம் வர நேரிடுகிறது.

ஆரோக்கியசாலையும் இல்லமும்

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில், கிறிஸ்தவ மிஷன்கள் பல ஒன்றுகூடி 1915 இல் க்ஷயரோக ஆரோக்கியசாலை ஒன்றை நிறுவின. அங்கே பணியாற்றிய டேனிஷ் மருத்துவரான ஃப்ரிமோட்-மெல்லர், சுற்றுப்புறக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை 1950 முதல் பரிசோதித்தார். தூய காற்றும், புஷ்டியான ஆகாரமும், பூரண ஓய்வும், குடும்பத்தினின்று பிரிந்திருத்தலுமே க்ஷயரோக சிகிச்சையின் அங்கங்கள் என்பது ஐரோப்பிய வைத்தியசாஸ்திரம் அக்காலத்தில் ஐயமின்றிக் கொண்டிருந்த கொள்கையாகும். அக்கொள்கைப்படி நடப்பதாயின், இந்நாட்டு நோயாளிகளிற் பெரும்பாலோருக்குப் படுக்கை கிடைக்க வழியில்லை.

இச்சங்கடத்தைத் தீர்க்கும் பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தன. அதனை வழிநடத்த இங்கிலாந்திலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்னும் நிபுணர் வந்தார். நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை முன்விருப்பத்திற்கு இடமின்றி இருகூறாக்கி, ஒரு கூற்றாரை ஆரோக்கியசாலையிலும் மற்றவரைத் தத்தம் இல்லங்களிலும் வைத்து, இருசாராருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். 1959 இல் வெளியான முடிவு, நெரிசலான வீட்டில் எளிய உணவை உண்டு சிகிச்சை பெற்றோரும் ஆரோக்கியசாலையில் இருந்தோருக்கு ஏறக்குறையச் சமமாகவே குணமடைந்தனர் என்பதைத் தெளிவுறுத்திற்று. அவர்களால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றிவிடவில்லை என்பது பின்னர் வெளியான முடிவுகளால் புலனாயிற்று. அயல்நாட்டுச் சித்தாந்தம் ஒன்றைச் சென்னைக் குடிசைகளின் அனுபவம் திருத்திற்று. மேலைநாடுகளிலும் ஆரோக்கியசாலைகள் கைவிடப்படுவதற்கு அது ஒரு காரணமாயிற்று.

நோயாளியைக் கேட்டறிந்தது

பெங்களூரில், உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் துணைநிற்க 1959 இல் உருவான தேசிய க்ஷயரோக நிலையம், ஆராய்ச்சியைக் கிராமத்திற்கே கொண்டு சென்றது. அங்கே தேபபர் பானர்ஜி என்னும் இந்திய அறிஞரும், உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் ஜில்லாவில் நடத்தி 1963 இல் வெளியிட்ட ஆய்வு, கிராமவாசிகள் அறியாமையால் வைத்தியத்தை நாடாதிருக்கிறார்கள் என்ற பரவலான அபிப்பிராயத்தைப் பொய்யாக்கியது. நோயுற்றோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தாமாகவே வைத்தியசாலையை அடைந்திருந்தனர். அங்கே அவர்களிற் பலருக்குக் கிடைத்தது இருமல் மருந்துப் புட்டி. குறை நோயாளியிடத்தில் இன்றி வைத்தியசாலையிடத்தே இருந்தமையால், பரிகாரமும் அங்கேயே செய்யப்படவேண்டியதாயிற்று. தேடிவந்தவரின் சளியைச் சாதாரண வைத்தியசாலையிலேயே நுண்ணோக்கியால் பரிசோதிப்பது, இவ்வாய்வு அச்சேறுமுன்னரே 1962 இல் உருப்பெற்ற தேசியத் திட்டத்தின் அடிப்படையாக அமைந்தது இக்காரணத்தாலேயே.

தராசு கிராமத்தை அடைந்தது

அமெரிக்க அபிவிருத்தி உதவியின்கீழ் சிட்னி கேண்டர் என்பாரின் ஆலோசக நிறுவனம் 1973 இல் முடித்த தமிழ்நாட்டுப் போஷாக்கு ஆய்வு, விளைச்சல், விலை, குடும்ப உணவு, குழந்தை வளர்ப்பு ஆகிய யாவற்றையும் ஒரே அமைப்பாகக் கருதி ஆராய்ந்தது. அதன்பின் உலக வங்கியின் கடனுதவியோடு 1980 இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடையை வளர்ச்சி அட்டையில் குறித்து, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்கு மாத்திரம் குறிப்பிட்ட காலம் துணையுணவு அளித்தனர். நிறுத்துக் குறித்தவள் அவ்வூர்ப் பெண்ணாகிய ஊட்டச்சத்து ஊழியை. தராசு இவ்வாறு கிராமத்திற்கு வந்துவிட்டது. ஆனால் எந்தக் குழந்தைக்கு உணவு, எப்போது அவ்வுணவை நிறுத்துவது என்னும் விதி வெளியே வகுக்கப்பட்டதாகவே இருந்தது. தேறிய குழந்தைக்கு உணவில்லை என்பதைத் தாய்க்கு எடுத்துரைக்கும் பாரம் அவ்வூழியையின் தலையில் விழுந்தது.

ஏடு மகளிர் கைக்கு வந்தது

திபெத்திய அகதிகளின் குடியமர்வுக்காக 1968 இல் கர்நாடகத்தில் தோன்றிய மைராடா நிறுவனம், பின்னர்க் கிராமப் பணியில் ஈடுபட்டபோது, 1980களின் நடுவில் ஓர் அனுபவத்தைச் சந்தித்தது. சீர்குலைந்த கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் சிலர், சங்கத்திற்குக் கடனைத் திருப்பித்தர மறுத்து மைராடாவிடம் செலுத்த முன்வந்தனர். உங்களுக்குள்ளேயே செலுத்திக்கொள்ளுங்கள் என்று அந்நிறுவனம் ஊக்குவிக்கவே, ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு குழுக்கள் சேமிப்பையும் கடனையும் தாமே நடத்தத் தலைப்பட்டன. 1987 இல் நபார்டு வங்கி இம்முயற்சிக்குப் பத்து லட்ச ரூபாய் உதவிற்று. ரோமாபுரியில் தலைமையகங்கொண்ட சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் துணையோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989 இல் தனது திட்டத்தைத் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியபோது, நிபுணர் வகுத்த திட்டத்தின் கருவாக அமைந்தது இந்தக் கிராமிய அனுபவமே. யாருக்குக் கடன், எந்தத் தவணையில் என்பதைக் குழு தீர்மானித்தது. தீர்மானப் புத்தகமும் சேமிப்புக் கணக்கும் குழுவின் உடைமையாயின. 1997-98 இல் மகளிர் திட்டம் என்னும் பெயரில் இம்முறை மாநிலமெங்கும் பரவிற்று. கணக்கைத் தாமே எழுதக் கற்ற குழுவும், பிறர் எழுத நேர்ந்த குழுவும் அதிகாரத்தில் சமமல்ல என்பதையும் இங்கே மறத்தலாகாது.

நிபுணர் நம்மவரானபின்

1997 இல் மத்திய அரசும் உலக சுகாதார ஸ்தாபனமும் இணைந்து தொடங்கிய போலியோ கண்காணிப்புத் திட்டத்திலும், திருத்தியமைக்கப்பட்ட க்ஷயரோகத் திட்டத்திலும், ஆலோசகர்களாக நியமனம் பெற்றோரிற் பெரும்பாலோர் இந்திய மருத்துவர்களே. திடீரெனக் கைகால் தளர்ந்த ஒவ்வொரு குழந்தையையும் தேடிக் கண்டு, மலமாதிரியைச் சென்னைக் கிண்டி கிங் நிலையம் போன்ற ஆய்வகங்களுக்கு அனுப்பும் ஒழுங்கு துணைநிற்க, 2011 ஜனவரிக்குப்பின் இந்நாட்டில் காட்டுப் போலியோ காணப்படவில்லை. 2022 இல் தமிழகம் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமோ, கடுமையான மெலிவு, மூச்சுத் திணறல், துணையின்றி நிற்கவியலாமை ஆகியவற்றைக் கண்டு, ஆபத்திலுள்ள நோயாளியை உடனே பிரித்தறியும் பொறுப்பைச் சாதாரணச் சுகாதார ஊழியரிடமே ஒப்படைத்தது. ஆரோக்கியசாலையின் தேவையை மறுத்த அதே தமிழகம், சிலருக்கு மருத்துவமனைப் படுக்கை உயிர்காக்கும் என்பதையும் உணர்ந்து, அவர் யாவரென அறியும் முறையை வகுத்தது.

சிப்காட் வளாகங்களால் தொழில்நகரமான ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் செல்வோர் வசிக்கும் இவ்வெல்லைப்புறத்தில், ஒருவர் ஒரு மாநிலத்தில் நோயுற்று, வேறொரு மாநிலத்தில் உழைத்து, மூன்றாவதில் உறவினரோடு தங்க நேர்வது இயல்பு. அரசாங்க எல்லைக்கு உட்பட்டே வகுக்கப்படும் திட்டத்திற்கு அத்தகையோர் விதிவிலக்காகத் தோன்றுவர். இங்கே வாழ்வோருக்கோ அதுவே பொது விதி. ஆகவே, இனி இப்பகுதிக்கு வரும் ஆலோசகர் எவராயினும், பயணம், கூலி, மருந்து ஆகியவற்றை இம்மக்கள் எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்பதை முதலில் அவர்களிடமே கேட்டறிந்து, தாம் விட்டுச்செல்லும் பதிவேட்டை உள்ளூர் ஊழியர் படிக்கவும் திருத்தவும் உரிமையுடையதாக அமைப்பாராயின், அவர் திரும்பிச் சென்றபின்னரும் அவருடைய ஆலோசனை நிலைக்கும். சேத்துப்பட்டு முதல் தருமபுரி வரையிலான வரலாறு இந்த அளவுக்கே உறுதி கூறுகிறது. அது சிறிய உறுதியன்று.