தேயிலையும் திரிபோஷவும் "மெலிய வைக்கும்" மாத்திரையும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் கொழுப்பைக் கரைக்கும் கிரீன் டீ மாத்திரை விளம்பரம் மறுபடியும் சுற்றுகிறது. மரபணுவையே மாற்றுமாம். விலை கேட்டால் தலை சுற்றும். வாங்கலாமா என்று கேட்ட தாய்மாருக்காக இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்போது இங்கே கோப்பிதான் ராஜா. 1869இல் வந்த இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1883இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கொய்த கொழுந்து, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துத் துறைமுகத்தால் கப்பலேறியது.

அந்தக் கொழுந்துக்குள் இருப்பதைத் தேடியவர்களில் ஒருவர் ஜப்பானின் மிச்சியோ சுஜிமுரா. 1929இல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டச்சினைப் பிரித்தெடுத்தார். 1932இல் விவசாயத்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்ணும் அவர்தான். (என் மாணவிகள் கவனிக்க.) கேட்டச்சின், பிளேவனொயிட் என்ற பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளை. வெங்காயம், தோடம்பழம், சிவப்பரிசி, வல்லாரை என்று எங்கள் சட்டிபானையில் அந்தக் குடும்பத்தார் நிறைய உண்டு. நாங்கள் குடிக்கும் கறுப்புத் தேயிலையில் கேட்டச்சினின் பெரும்பகுதி காற்றுப்பட்டு வேறு பொருளாகிவிடுகிறது. பிளேன்டீயின் செந்நிறம் அதனால்தான்.

மிகைப்படுத்துவதும் புதிதல்ல. 1936இல் நோபல் பரிசு பெறவிருந்த அல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜியே பிளேவனொயிட்டுக்கு "விற்றமின் பி" என்று பெயர் வைத்தார். (இது ஆங்கில எழுத்து வரிசையில் 16ஆவது எழுத்து, பி கொம்ப்ளெக்ஸ் அல்ல.) அது விற்றமினே அல்ல என்று பிறகு அந்தப் பெயர் கைவிடப்பட்டது.

மரபணுக் கதை 2006இல் வருகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மஞ்சள் மயிரோடு பிறந்து கொழுத்துப்போகும் ஒருவகை எலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். கருத்தரிக்க முன்பிருந்தே தாய் எலிக்கு சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் என்ற பிளேவனொயிட்டைக் கொடுத்தார்கள். குட்டிகளில் கபில நிறமானவை கூடின, கொழுப்பவை குறைந்தன. மரபணு, பாடப்புத்தகத்துச் சொல்லில் பரம்பரை அலகு, அப்படியேதான் இருந்தது. அதன்மேல் ஒட்டும் சிறு இரசாயன அடையாளங்கள் கூடியதால் அதன் வேலை அடங்கியது. மின்குமிழை மாற்றவில்லை, சுவிட்சைத்தான் தொட்டார்கள்.

சோயா நமக்கும் பழக்கம்தான். 1973இலிருந்து கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷ, சோளமும் சோயாவும் சேர்ந்தது. அதற்காக திரிபோஷ சாப்பிட்ட பிள்ளை பருக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது போஷாக்குக் குறைவுக்கு வந்த உணவு. எலி எலிதான், மனிதன் மனிதன்தான்.

மனிதரில் நடந்த கிரீன் டீ ஆய்வுகளை 2012இல் கொக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. எடை குறைந்த அளவு, கணக்கில் எடுக்க முடியாத அளவுக்குச் சிறியது. 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, தேயிலையின் முக்கியமான கேட்டச்சினை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக எடுத்தால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரியலாம் என்றது. கோப்பையில் குடிப்பது வேறு, பிழிந்து குளிசையாக விழுங்குவது வேறு. கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்காமல் தொடவே வேண்டாம்.

என் கண்ணுக்கு வில்லன் சீனிதான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டிக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று கரண்டி போட்ட இரண்டு பிளேன்டீயோடு அது முடிந்துவிடும். இன்னொன்று: சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பின் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தச்சோகை உள்ள பெண்பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள்.

70களில் சீனித் தட்டுப்பாட்டின்போது கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள், வாசிக்க ஆசை.