ஐ.என்.ஏ.எஸ். 300 ('வெள்ளைப் புலிகள்')

இந்தியக் கடற்படையின் முதல் ஜெட் போர் விமானப் படைப்பிரிவு. 1960-இல் பிரிட்டனின் பிராடி விமானத் தளத்தில், சீ ஹாக் விமானங்களுடன் தொடங்கப்பட்டது. 1971 டிசம்பரில், இந்திய-பாகிஸ்தான் போரின்போது, விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்தின் கொதிகலன் ஒன்று விரிசலால் முடங்கி, கப்பலின் வேகம் குறைந்திருந்தது. அந்நிலையிலும் சீ ஹாக்குகள் அதிலிருந்து புறப்பட்டு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜார், சிட்டகாங் ஆகிய இடங்களைத் தாக்கின. படைப்பிரிவின் பெருமைக்குரிய காலம் அதுவே.

1983-இல் படைப்பிரிவுக்கு சீ ஹாரியர் வந்தது. எஞ்சினின் நான்கு குழல்வாய்களையும் கீழ்நோக்கித் திருப்பி, ஹெலிகாப்டரைப் போல் செங்குத்தாக இறங்கக்கூடியது. கப்பலின் மின்தூக்கியில் அடங்குவதற்காக இதன் மூக்குப் பகுதி பக்கவாட்டில் மடியும். ஓட்டுவதற்குக் கடினமான இவ்விமானங்களில் பாதிக்கு மேல் விபத்துகளில் அழிந்தன. திறமையான விமானிகள் சிலரும் உயிரிழந்தனர்.

எஞ்சியவை 2016 மே மாதம் கோவாவின் ஐ.என்.எஸ். ஹன்சா தளத்தில் ஓய்வு பெற்றன. பழைய போர் விமானங்கள் பொதுவாக உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கப்படும் அல்லது காட்சிக்கு வைக்கப்படும். சீ ஹாக், சீ ஹாரியர் இரண்டையும் கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் அருகில் நின்று பார்க்கலாம். படைப்பிரிவு இப்போது மிக்-29கே விமானங்களை இயக்குகிறது.