வெளிநாட்டில் ஓராண்டு, செலவு யாருடையது? ரோட்டரி மாணவர் பரிமாற்றமும் நன்கொடையும்: ஒரு பார்வை

பெங்களூரு: வெளிநாட்டில் ஓராண்டு பள்ளிப்படிப்பு, தங்குமிடமும் உணவும் இலவசம் என்று கேட்டவுடன், அதற்கான பணத்தை ரோட்டரி சங்கம் தருகிறது என்றே பல பெற்றோர் எண்ணுகின்றனர். உண்மை நிலை சற்று வேறானது. மாணவரைத் தங்க வைக்கும் குடும்பத்துக்கு எவரும் வாடகை தருவதில்லை. ஒரு வீட்டில் ஒதுக்கப்படும் இடமும், அன்றாடச் சமையலில் கூடுதலாக வைக்கப்படும் ஒரு தட்டுமே இத்திட்டத்தின் மூலதனம்.

ரோட்டரி அமைப்பு 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில் வழக்கறிஞர் பால் ஹாரிஸால் தொடங்கப்பட்டது. உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூட்டம் நடத்தப்பட்டதால் இப்பெயர் அமைந்தது. (லயன்ஸ் சங்கத்தை 'அரிமா சங்கம்' என்று தமிழ் ஏற்றுக்கொண்டது; ரோட்டரி மட்டும் இன்றுவரை ரோட்டரியாகவே நீடிக்கிறது.) இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1919இல் கல்கத்தாவில் உருவானது. சென்னை சங்கம் 1929இலும், பெங்களூரு சங்கம் 1934இலும் அமைந்தன. பெங்களூரு லாவெல் சாலையில் உள்ள ரோட்டரி இல்லம் நகரவாசிகள் பலருக்கும் அறிமுகமான கட்டடம்.

இளைஞர் பணியில் தமிழ்நாட்டுக்கும் தனி இடம் உண்டு. பள்ளி மாணவர்களுக்கான 'இன்டராக்ட்' சங்கம் 1962இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் மெல்போர்ன் நகரில் முதலில் தொடங்கப்பட்டது. இரண்டாவது சங்கம் அமைந்த ஊர் தஞ்சாவூர்.

பரிமாற்றம் எவ்வாறு நடக்கிறது?

மாணவர் பரிமாற்றத்தின் தொடக்கம் பிரான்சின் நீஸ் நகர ரோட்டரி சங்கம் 1927இல் மேற்கொண்ட முயற்சி. பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. தற்போது நீண்டகாலம், குறுகியகாலம் என இரு வகைகள் உள்ளன. நீண்டகாலப் பரிமாற்றத்தில் 15 முதல் 19 வயது வரையிலான மாணவர் ஒரு கல்வியாண்டு முழுவதும் வெளிநாட்டுப் பள்ளியில் பயில்கிறார். குறுகியகாலப் பரிமாற்றம் சில நாள்கள் முதல் மூன்று மாதங்கள் வரை, பெரும்பாலும் விடுமுறைக் காலத்தில் நடைபெறும்.

ஆண்டு முழுவதும் ஒரே வீட்டில் மாணவரைத் தங்க வைக்காமல், பொதுவாக மூன்று குடும்பங்கள் வரை மாற்றி மாற்றிப் பொறுப்பேற்கின்றன. மாணவரின் நலனைக் கவனிக்க, தங்க வைக்கும் குடும்பத்தைச் சேராத ஆலோசகர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். கைச்செலவுக்கு விருந்தோம்பும் சங்கம் மாதந்தோறும் சிறு தொகை வழங்குகிறது. வாகனம் ஓட்டுதல், மது, போதைப்பொருள், காதல் ஆகிய நான்கும் கூடாது என்பது எல்லா நாடுகளிலும் மாணவர்களுக்குச் சொல்லப்படும் விதி. நான்காவதைக் கண்காணிப்பது எத்தனை கடினம் என்பதைப் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

விமானக் கட்டணம், காப்பீடு, விசா ஆகிய செலவுகளை மாணவரின் குடும்பமே ஏற்க வேண்டும். அத்துடன் ஒரு மாணவரை அனுப்பும் மாவட்டம் ஒருவரை வரவேற்கவும் வேண்டும் என்பதே பரிமாற்றத்தின் அடிப்படை. ரோட்டரி நடைமுறையில் 'மாவட்டம்' என்பது பல சங்கங்களை உள்ளடக்கிய நிர்வாகப் பிரிவு. பெங்களூரு உள்ளிட்ட 3190ஆம் மாவட்டம் அண்மை ஆண்டுகளில் 3191, 3192 என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தம் பிள்ளை வெளிநாடு சென்றிருக்கும் மாதங்களில் அயல்நாட்டு மாணவர் ஒருவருக்கு வீட்டைத் திறந்துவிடப் பெற்றோர் தயாராக இருப்பது எதிர்பார்க்கப்படுகிறது. ரோட்டரி உறுப்பினரின் பிள்ளையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் விதியில் இல்லை. ஆயினும் தனி அறை, விமானக் கட்டணம், ஆங்கிலவழிக் கல்வி ஆகியவை சேரும்போது வாய்ப்பு யாருக்கு எளிதாகிறது என்பது வெளிப்படை.

நன்கொடைக்குத் தனிக் கணக்கு

நன்கொடையின் வழி முற்றிலும் வேறு. ரோட்டரி அறக்கட்டளைக்கான யோசனையை ஆர்ச் கிளம்ப் 1917இல் முன்வைத்தார். அதற்கு வந்த முதல் தொகை 26 டாலர் 50 சென்ட். அதே அறக்கட்டளைக்கு, பெங்களூரு ஆர்ச்சர்ட்ஸ் ரோட்டரி சங்க உறுப்பினரான தொழிலதிபர் ரவிசங்கர் டகோஜு 2018இல் 100 கோடி ரூபாய் வழங்குவதாக உறுதியளித்தது நாடெங்கும் செய்தியானது.

ஆண்டு நிதிக்கு வரும் தொகை மூன்று ஆண்டுகள் முதலீடு செய்யப்படுகிறது. அதன்பின் ஏறத்தாழ பாதி, நன்கொடை வந்த மாவட்டத்தின் கணக்குக்கும் மீதி உலக நிதிக்கும் செல்கிறது. பெங்களூரு சங்கம் ஒன்று அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் வாங்கித் தர விரும்பினால், 'குளோபல் கிராண்ட்' எனப்படும் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். வேறொரு நாட்டுச் சங்கம் பங்குதாரராக இணைய வேண்டும். மாவட்ட நிதியில் இருந்து ஒதுக்கப்படும் தொகையில் 80 சதவீதத்தை உலக நிதி சேர்த்துத் தருகிறது.

இந்த குளோபல் கிராண்ட் பணத்தை மாணவர் பரிமாற்றத்துக்குச் செலவிட விதி இடம் தருவதில்லை. போலியோ சொட்டு மருந்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பிள்ளை ஐரோப்பா சுற்றிவிட்டு வந்தது என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போவது இதனால்தான். ஆனால் வசதி குறைந்த வீட்டு மாணவருக்கு ஓராண்டுப் பரிமாற்றம் எட்டாக்கனியாக இருப்பதற்கும் இதே விதி ஒரு காரணம். உள்ளூர்ச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் தனியே நிதி திரட்டி விமானக் கட்டணத்தை ஏற்றால் அந்தக் கதவு திறக்கலாம்.

நகரில் நிலைத்து நிற்கும் பணிகள் சர்வதேச நிதியால் மட்டும் உருவானவை அல்ல. திப்பசந்திராவில் பெங்களூரு மருத்துவச் சேவை அறக்கட்டளை நடத்தும் ரோட்டரி–டிடிகே ரத்த வங்கி 1984இல் தொடங்கப்பட்டது. சென்னை தரமணியிலும் டிடிகே பெயரோடு இணைந்த ரோட்டரி ரத்த வங்கி உள்ளது.

கர்நாடகப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பெரிய தடை பணம் அல்ல, தேர்வு அட்டவணை. வெளிநாட்டில் படித்த ஓராண்டை இங்குள்ள தேர்வு வாரியங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என எதிர்பார்க்க இயலாது. எஸ்.எஸ்.எல்.சி.க்கும் இரண்டாம் ஆண்டு பி.யு.சி.க்கும் இடையில் ஓராண்டை விட்டுக்கொடுக்கும் துணிவு பல வீடுகளில் இல்லை. எனவே கோடை விடுமுறைப் பரிமாற்றமே நடைமுறைக்கு உகந்ததாகக் கருதப்படுகிறது. மகனோ மகளோ ஓராண்டு பின்தங்குவதை உறவினர்களிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அயல்நாட்டு மாணவரை வரவேற்கும் குடும்பத்துக்குச் சட்டப் பொறுப்புகளும் உண்டு. அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தகவல் அளிக்க வேண்டும். 180 நாள்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், நாட்டுக்குள் வந்த 14 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவை தவிர, அவ்வீட்டில் வசிக்கும் வயதுவந்தோர் அனைவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும் என ரோட்டரி விதி கூறுகிறது. துன்புறுத்தல் குறித்த புகார் எழுந்தால் 72 மணி நேரத்துக்குள் சர்வதேசத் தலைமையகத்துக்குத் தெரிவிப்பதும் கட்டாயம்.

கரோனா பரவலால் 2020இல் நிறுத்தப்பட்ட நேரடிப் பரிமாற்றம் 2022இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சான்று பெற்ற மாவட்டங்கள் மட்டுமே மாணவர்களை அனுப்பவோ பெறவோ முடியும். ஆகவே விண்ணப்பத்தை நிரப்பும் முன், அருகிலுள்ள சங்கம் சேர்ந்திருக்கும் மாவட்டம் நடப்பு ஆண்டுக்குச் சான்று பெற்றுள்ளதா, பரிமாற்றப் பொறுப்பாளர் யார் என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். நீண்டகாலப் பரிமாற்றத்துக்கான தேர்வு, பயணத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே தொடங்கிவிடும்.