கதிரொளியும் பொருளுதவியும்

கதிரவன் கூலி கேளாமல் ஒளி வழங்குகிறான். ஆனால், அவ்வொளியை வேலை வாங்கும் கருவியை ஆக்குவதற்குப் பொருள் வேண்டும். அப்பொருள் கிடைத்த காலத்தில் சூரிய சக்தி ஆராய்ச்சி விரைந்து வளர்ந்தது. நின்ற காலத்தில் தேங்கியது. இதற்கு வரலாறே சான்று.

பிரான்சு நாட்டில் கணித ஆசிரியராக இருந்தவர் அகஸ்டின் மூஷோ. நிலக்கரி ஒருநாள் தீர்ந்துவிடும் என்று கவலையுற்ற அவர், 1860-ஆம் ஆண்டளவில் சூரிய வெப்பத்தை ஆராயத் தொடங்கினார். அரசாங்கம் உதவித் தொகை அளித்து அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. 1878-இல் பாரிஸ் பொருட்காட்சியில், பெரிய ஆடியால் குவித்த வெயிலைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டிப் பொற்பதக்கம் பெற்றார். ஆயினும் நிலக்கரி மலிவாகக் கிடைத்தமையால், சூரிய இயந்திரம் ஆதாயம் தராது என்று கருதி அரசாங்கம் கைவிட்டது. மூஷோ மீண்டும் ஆசிரியத் தொழிலுக்கே திரும்பினார்; 1912-இல் வறுமையில் மறைந்தார்.

1954-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கன் சூரிய மின்கலத்தை ஆக்கினர். தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 6 பங்கை அது மின்சாரமாக்கியது. அதன் விலையோ வீட்டுக்கு ஒவ்வாதது. அதனைக் காப்பாற்றியது விண்வெளி ஆராய்ச்சியே. 1958 மார்ச்சில் பறந்த வான்கார்டு துணைக்கோளில் பாட்டரியால் இயங்கிய ஒலிபரப்பி சூன் மாதத்தில் ஓய்ந்தது; சூரிய மின்கலத்தால் இயங்கியதோ 1964 வரை பேசியது. விலை பாராமல் வாங்குவதற்கு அரசாங்கம் இருந்தமையால் ஆராய்ச்சி உயிர் தரித்தது.

1973-இல் எண்ணெய் விலை ஏறவே, பல நாடுகள் விழித்துக் கொண்டன. ஜப்பான் 1974-இல் 'சூரிய ஒளித் திட்டம்' வகுத்தது. அமெரிக்கா 1977-இல் தனி ஆராய்ச்சி நிலையமே திறந்தது. 1980-க்குப் பின் எண்ணெய் மலிந்தது. அமெரிக்க அரசாங்கம் நிதியைப் பெரிதும் வெட்டியது. ஜப்பானோ விடாது உதவியது. 1999-இல் சூரிய மின்கல உற்பத்தியில் அமெரிக்காவை ஜப்பான் முந்தியதற்கு அவ்விடாமுயற்சி ஒரு முக்கிய காரணமாகும்.

அன்று நூற்றுக்கு 6 பங்கு தந்த மின்கலம், இன்று கடைத்தெருவில் விற்கும் தகட்டில் 20 பங்குக்கு மேல் தருகிறது.

ரப்பர் கன்று நட்ட மறுநாளே பால் வடிப்பதில்லை. ஆறேழு ஆண்டுகள் பேணிய பின்னரே பயன் தருகிறது. ஆராய்ச்சியும் அத்தகையதே. எண்ணெய் விலையைப் பார்த்துக் கொடுப்பதும் நிறுத்துவதும் விதைத்த பயிரைப் பாதியில் காயவிடுவதாகும் அன்றோ?