தொப்பியும் தொலைநோக்கியும்

1886ஆம் ஆண்டு ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் நியூயார்க் நகரக் கடைத்தெருக்களில் இரண்டு பிற்பகல்கள் நடந்தார். எதிரே வந்த பெண்களின் தொப்பிகளை எண்ணினார். மொத்தம் 700 தொப்பிகள். அவற்றில் 542இல் இறகு இருந்தது. சிலவற்றில் சிறகு, சிலவற்றில் பாடம் செய்த முழுப் பறவையே. நாற்பது இனங்களை அவர் அடையாளம் கண்டார். காட்டுப் பக்கம் போகாமலே ஒரு பறவைக் கணக்கெடுப்பு.

சூழலியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்காமல் சொல்வார்கள். நானும் சொல்லிவிட்டேன். ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். தொப்பிகளுக்குக் கணக்கு இருக்கிறது. துப்பாக்கிகளை யார் எண்ணினார்கள்?

அந்தத் தொப்பிகளில் மிக உயர்ந்த விலை வெண்கொக்கின் தூவிக்கு. குஞ்சு பொரிக்கும் காலத்தில் மட்டும் கொக்கின் முதுகில் மெல்லிழையாக வளர்வது அது. தூவி என்ற நம் பழைய சொல் அதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. கூட்டில் குஞ்சு இருக்கும்போது தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் எளிதில் விலகிப் பறக்காது, சுடுவது சுலபம். தூவியை உரித்துக்கொண்டு உடலை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். குஞ்சுகள் பசியில் சாகும். 1903 வாக்கில் அமெரிக்க வேட்டைக்காரருக்கு ஒரு அவுன்ஸ் தூவிக்கு 32 டாலர் கிடைத்தது. அன்று ஒரு அவுன்ஸ் தங்கமே சுமார் 20 டாலர்தான். வாங்க வந்த பெண்களிடம் கடைக்காரர்கள் இது செயற்கை இறகு என்றோ, தானாக உதிர்ந்தது என்றோ சொல்லி விற்றார்கள்.

நம் நாட்டு இறகும் கப்பலேறியது. 1902இல் இந்திய அரசு பறவைத் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. லண்டன் தன் துறைமுகத்தில் இறக்குமதியை நிறுத்த மேலும் பத்தொன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் கள்ளக் கடத்தல் தாராளமாக நடந்தது.

ஒருமுறை வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "அப்ப பறவைங்க அழிஞ்சதுக்கு நாமதான் காரணமா, மேம்?" என்று கேட்டாள். 'நாம' என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நூறு வருடத்துக்கு முந்தைய லண்டன் சீமாட்டியின் தொப்பிக்குத் தமிழ்நாட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண் கூசிப் போகிறாள். பழி அவ்வளவு எளிதாக நம்மீது வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வர்ஜீனியா வுல்ஃப் 1920இல் இதற்குத்தான் பதில் எழுதினார். இறகுத் தடை மசோதா நாடாளுமன்றக் குழுவில் முடங்கிக் கிடந்த நேரம். பெண்களுக்கு இதில் அக்கறை இல்லை என்கிற தொனியில் ஒரு பத்திரிகையாளர் எழுதியிருந்தார். வுல்ஃப் சட்டென்று திருப்பிக் கேட்டார். சுடுவது யார்? இறகை விற்றுப் பணம் பார்ப்பது யார்? குழுக் கூட்டத்துக்கே வராமல் மசோதாவைச் சாகவிட்ட உறுப்பினர்கள் யார்? எல்லாரும் ஆண்கள். தொப்பி அணிந்தவளை அவர் மன்னித்துவிடவில்லை. கண்டனம் மட்டும் ஏன் அவள் ஒருத்திக்கே என்றுதான் கேட்டார். அந்தத் தொப்பிக்குப் பின்னால் இன்னொரு பெண்ணும் இருந்தாள். கிழக்கு லண்டனின் இருண்ட அறைகளில் சொற்பக் கூலிக்கு இறகுக்குச் சாயமேற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தவள். இரு தரப்பு வாதங்களிலும் அவளுக்கு இடம் குறைவு.

பெண்களுக்கு அக்கறை இல்லையா? அந்தப் பத்திரிகையாளர் எழுதுவதற்கு முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1889இல், மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் தன் வீட்டில் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். அதற்குமுன் பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்துக்கு எழுதிப் பார்த்தார். 1858இல் தொடங்கிய அந்த ஆண்கள் சங்கம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பெண்கள் சிலரைக் கௌரவ உறுப்பினராக அது சேர்த்துக்கொண்டதே 1909இல்தான். ஆகவே எமிலி தோழிகளை அழைத்தார். உணவுக்காகக் கொல்லப்படாத எந்தப் பறவையின் இறகையும் அணிவதில்லை என்பது உறுதிமொழி. நெருப்புக்கோழிக்கு மட்டும் விலக்கு.

அதே ஆண்டு லண்டனை ஒட்டிய கிராய்டனில் எலைசா பிலிப்ஸ் வீட்டிலும் பெண்கள் கூடினார்கள். உறுப்பினர் கட்டணம் இரண்டு பென்ஸ். அந்தக் குழுவில் எட்டா என்றொரு இளம்பெண். தேவாலயத்தில் யார் யார் இறகுத் தொப்பியோடு வந்தார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு, அந்தப் பறவை எப்படிச் செத்தது என்பதை விவரித்து அவர்களுக்குக் கடிதம் அனுப்புவார். அக்கம்பக்கத்தார் அவரைப் பார்த்து எவ்வளவு அஞ்சியிருப்பார்கள் என்று எண்ணிச் சிரித்திருக்கிறேன். 1891இல் இரு குழுக்களும் ஒன்றாயின. பத்தாண்டுக்குள் உறுப்பினர்கள் 20,000.

அமெரிக்காவிலும் இதே கதை. 1896இல் பாஸ்டனில் ஹேரியட் ஹெமன்வேயும் மின்னா ஹாலும் நகரத்துப் பணக்காரர் முகவரிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, இறகு அணியக்கூடியவர்கள் பெயரைக் குறித்து, ஒவ்வொருவரையும் தேநீருக்கு அழைத்துப் பேசினார்கள். 900 பெண்கள் இறகைக் கைவிட்டார்கள். மாசசூசெட்ஸ் ஆடபன் சங்கம் பிறந்தது. தலைவராக அமர்ந்தவர் வில்லியம் புரூஸ்டர். இங்கிலாந்துச் சங்கத்துக்கு 1904இல் அரச சாசனம் கிடைத்தபோது கௌரவச் செயலாளர் பதவி வழக்கறிஞர் ஃபிராங்க் லெமனுக்குப் போனது. அவர் எட்டாவின் கணவர். கடலோரங்களிலும் தீவுகளிலும் கூடுகளைக் காக்க உள்ளூர் ஆட்களைக் காவலர்களாக அமர்த்தும் திட்டத்தையும் வெளியீடுகளையும் எட்டாவே கவனித்துக்கொண்டார். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது.

பறவை பார்த்தல் என்று இன்று நாம் சொல்வது அன்று பறவையைச் சுடுவதாகத்தான் இருந்தது. சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, மேசைமேல் வைத்துப் பெயர் சொல்வதே அறிவியல். ஸ்மித் கல்லூரி மாணவி ஃபுளோரன்ஸ் மெரியம் 1886இல் தோழியரோடு ஆடபன் குழு தொடங்கி, அவர்களை விடியலில் வயல்வெளிக்கு அழைத்துப் போனார். நாடக அரங்கில் மேடையைப் பார்க்கச் சீமாட்டிகள் கையில் வைத்திருக்கும் சிறு தொலைநோக்கியால், உயிரோடு கிளையில் இருக்கும் பறவையைப் பார்க்கச் சொன்னார். அந்தத் தொலைநோக்கியைத் தலைப்பிலேயே வைத்து 1889இல் புத்தகம் எழுதினார். எமிலி தன் வீட்டில் சங்கம் தொடங்கிய அதே வருடம். அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் 1885இல் அவரை இணை உறுப்பினராக்கியது. முழுத்தகுதி கொண்ட ஃபெல்லோ ஆக்கியது 1929இல். நாற்பத்து நான்கு வருடக் காத்திருப்பு. அப்படி ஆக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே.

எங்கள் கல்லூரிப் பறவைக் குழுவில் பதினோரு பெண்களுக்கு இரண்டே பைனாகுலர்கள். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு வர விடுதிக் காப்பாளரின் கையெழுத்தும் வீட்டின் சம்மதமும் வேண்டும். "பறவை பாக்கப் போறேன்னு சொன்னா எங்கப்பா நம்ப மாட்டாரு, மேம்" என்றாள் ஒருத்தி. பெண் ஒரு வேலையும் இல்லாமல் வெளியில் நின்று ஒன்றை உற்றுப் பார்ப்பது இன்னும் விளக்கம் சொல்ல வேண்டிய காரியமாகவே இருக்கிறது. ஃபுளோரன்ஸின் தோழியரைப் பற்றிச் சொன்னபோது இவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அதனால்தான்.

இந்தக் கதையை வெற்றிக்கொடியாகப் பிடித்துவிட எனக்கும் ஆசைதான். எட்டா லெமன் விடமாட்டார். ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டியவர், அமைச்சர்களுக்கு மனு எழுதியவர், சட்டத்துக்காகப் பல்லாண்டு போராடியவர், பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற இயக்கத்திலும் முன்னின்றார். எதிர்முகாமில் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற எம்மெலின் பாங்க்ஹர்ஸ்ட் இறகுத் தொப்பி அணிந்து மேடையேறினார். கண்ணியமான உடை போராளிக்கு ஒரு கவசம் என்பது அவர்கள் கணக்கு. ஒருவருக்குக் கொக்கு தெரிந்தது, வாக்குச்சீட்டு தெரியவில்லை. மற்றவருக்கு நேர்மாறு. "நாம யார் பக்கம், மேம்?" என்று வகுப்பில் கேட்டார்கள். பாங்க்ஹர்ஸ்ட் பக்கம் என்றேன். எட்டாவின் கடிதத்தை ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

1921இல் சட்டம் வந்தது. இறக்குமதியைத்தான் தடுத்தது, அணிவதையோ விற்பதையோ தடுக்கவில்லை. பழைய இறகுகள் அலமாரிகளில் இருந்தன. ஆனால் அந்த வருடங்களில் இளம்பெண்கள் கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். தலையை ஒட்டிய சின்னத் தொப்பிகள் வந்தன. கொண்டையும் ஊசியும் இல்லாத தலையில் ஒரு முழுப் பறவையைத் தூக்கி நிறுத்த வழியில்லை. எட்டா அம்மையாருக்கு அந்த வெட்டிய கூந்தல் பிடித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.