தேடுபெட்டியில் அவளுக்கு என்ன பெயர்?

ஜேஸ்டோரில் ஊர்ப்பெயரையும் ‘பெண்’ணையும் ஆங்கிலத்தில் தட்டினேன். வந்தவள் செம்பியன் மாதேவி. பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக்கிய சோழ அரசி. கல்வெட்டு உள்ளவளுக்குக் கட்டுரையும் உண்டு.

பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் எங்களூர்ப் பெண்கள்? விருத்தாசலத்துக்கே ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல். 1993 வரை மாவட்டம் தென்னாற்காடு. கடலூர் என்று மட்டும் தேடினால் பழையவை நழுவிவிடும். ‘குயவர்’ என்றாலோ ஆண்தான். மண் பிசைந்த மனைவி ‘குடும்ப உழைப்பு’ ஆகிவிடுகிறாள். அந்தச் சொல்லையே போடுங்கள் தோழி. ‘தினக்கூலி’, ‘சிறுதொழில்’, ‘அமைப்புசாரா’ என்றும் மாற்றிப் பாருங்கள்.

கட்டுரைக்குக் காசு கேட்டால் சோத்கங்காவுக்குப் போகலாம், ஆய்வேடுகள் இலவசம். நான் முடிவுரையைத் தாண்டிப் பின்னிணைப்பைத்தான் முதலில் புரட்டுவேன். கூலி அட்டவணை அங்கேயும் இருக்கலாம், ஆணுக்கு ஒரு பத்தி, பெண்ணுக்கு ஒரு பத்தி.